துணிவும் அறிவும்: இரு மகாயுத்தங்களுக்கிடையே வான்பயணத்தின் வளர்ச்சி

பறவையைப் போலத் தானும் பறத்தல் வேண்டும் என்னும் ஆசை மனிதன் உள்ளத்தே தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. புட்பக விமானமும் மயிற்பொறியும் அவ்வாசை நம் முன்னோர் கற்பனையில் எடுத்த வடிவங்களாகும். அது செயலாகியது 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி. அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மணற்கரையொன்றில் ரைற் சகோதரர் செய்த விமானம் 12 விநாடி நேரத்தில் 120 அடி தூரம் பறந்தது. ஆறாண்டுகளின் பின்னர், 1909இல், பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். 1914இல் மூண்ட முதலாம் மகாயுத்தம் விமானத்தைப் போர்க்கருவியாக்கி அதன் வளர்ச்சியை விரைவுபடுத்தியது.

யுத்தம் முடிந்த 1918ஆம் ஆண்டில் விமானம் வேவு பார்க்கவும் குண்டு வீசவும் வல்லதாயிருந்தது. ஆனால், ஒருவன் தன் மனைவி மக்களுடன் அதில் ஏறிச் சமுத்திரத்தைக் கடக்கலாம் என்று எவரும் துணிந்து கூறியிருக்கமாட்டார். 1939ஆம் ஆண்டிலோ, கட்டணம் செலுத்திய பிரயாணிகள் மேசையிலமர்ந்து உணவுண்டு, படுக்கையில் உறங்கி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தனர். இருபத்தோராண்டுகளுள் இம்மாற்றம் நிகழ்ந்தவாறு எங்ஙனம்? விமானிகளின் துணிவே வானத்தை வென்றது என்று பலர் கூறுவர். அது பாதி உண்மையே. அக்காலத்து விமானிக்கு எதிரிகள் மூவர் இருந்தனர். இடைவழியில் எஞ்சின் நின்றுபோதல் ஒன்று. கடல்மேல் வழி தவறுதல் மற்றொன்று. மேகத்துள்ளும் இருளிலும் மேல் கீழ் அறியாது தடுமாறுதல் மூன்றாவது. துணிவு இவ்வெதிரிகளை இனங்காட்டியது. அவற்றை அடக்கியது அறிவேயாகும்.

யுத்தத்தின் முடிவில் வேலையற்ற விமானிகளும் வேண்டப்படாத விமானங்களும் மிகுதியாயிருந்தன. அவ்விமானங்கள் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்து, கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்டவை. அவற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய நூறு மைல். அத்திலாந்திக் சமுத்திரத்தை இடையில் இறங்காது கடப்பவர்க்கு 10,000 பவுண் பரிசளிப்பதாக இலண்டன் 'டெயிலி மெயில்' பத்திரிகை 1913இலேயே அறிவித்திருந்தது. யுத்தத்தால் தடைப்பட்ட அப்போட்டி 1919இல் மீண்டும் சூடு பிடித்தது.

அவ்வாண்டு மே மாதம் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த மூன்று கடல் விமானங்கள் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று மட்டுமே அசோர்ஸ் தீவுகளில் இறங்கி, அப்பால் லிஸ்பன் நகரையடைந்தது. அம்மாதம் 18ஆந் திகதி ஹோக்கர் என்பவர் மக்கென்சி கிரீவ் என்பவருடன் நியூபவுண்லாந்திலிருந்து இடைநில்லாப் பயணந் தொடங்கினார். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஓட்டந் தடைப்பட்டுக் கொதிக்கத் தொடங்கவே, அவர் ஒரு கப்பலைத் தேடி அதனருகே கடலில் இறங்கினார். அந்த டென்மார்க்குக் கப்பலில் கம்பியில்லாத் தந்திக் கருவி இல்லாமையால், இருவரும் மாண்டனரென்றே ஒரு வாரகாலம் உலகம் நம்பியிருந்தது. முதல் எதிரி தன் முகத்தைக் காட்டிவிட்டான்.

அடுத்த மாதம் 14ஆந் திகதி அல்கொக், பிரவுண் என்னும் இருவர் நியூபவுண்லாந்திலிருந்து புறப்பட்டனர். அவர்களது விமானம் யுத்தத்திற் குண்டு வீசுவதற்கென அமைக்கப்பட்ட 'விக்கேர்ஸ் விமி' வகையைச் சேர்ந்தது. இரண்டு ரோல்ஸ் ரோய்ஸ் எஞ்சின்களையும் 865 கலன் பெற்றோலையும் கொண்டது. புறப்பட்ட சிறிது நேரத்தில் மின்பிறப்பாக்கி பழுதடைந்தமையால் கம்பியில்லாத் தந்தி பயனற்றுப்போயிற்று. எஞ்சினொன்றின் புகைக்குழாய் உடைந்து எழுப்பிய பேரொலியால் ஒருவர் பேசுவது மற்றவர்க்குக் கேட்கவில்லை. வானும் கடலும் மூடுபனியால் மறைந்திருந்தன. மேகம் விலகிய சில வேளைகளில் பிரவுண் விண்மீன்களின் உயரத்தைக் கோணக்கருவியால் அளந்து தாம் இருக்குமிடத்தைக் கணித்தார்.

பொழுது புலருமுன் விமானம் அடர்ந்த மேகக்கூட்டமொன்றினுட் புகுந்தது. அல்கொக் நிலை தடுமாறினார். விமானம் சுழன்று வீழத் தொடங்கியது. உயரமானியின் முள் இறங்கிக்கொண்டேயிருந்தது. எத்திசை மேல், எத்திசை கீழ் என்பது இருவர்க்கும் விளங்கவில்லை. நூறடிக்குங் குறைந்த உயரத்தில் மேகம் திடீரென முடிவடைந்தபோது, கடல் அவர்கட்குக் கீழே இராது, செங்குத்தான சுவர்போற் பக்கத்தே நின்றது. கடலைக் கண்ட கணத்தில் அல்கொக் விமானத்தை நிமிர்த்திவிட்டார். 15ஆந் திகதி காலை அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளிவ்டன் நகரின் அயலே, பசும்புற்றரையென மயங்கிச் சதுப்பு நிலமொன்றில் அவர்கள் இறங்க, விமானம் மூக்குக் குத்தி நின்றது. ஏறக்குறைய 1,890 மைல் தூரத்தை அவர்கள் பதினாறு மணி நேரத்துக்குட் கடந்திருந்தனர். இருவரும் அரசரால் 'சேர்' பட்டமளித்துக் கௌரவிக்கப்பட்டனர். எனினும், சமுத்திரத்தின்மேல் உயிர் தப்பிய அல்கொக், அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே பிரான்சு தேசத்தில் மூடுபனியினூடே பறக்கையில் வீழ்ந்து இறந்தார்.

தேர்ந்த விமானி ஒருவர் மேகத்துள் ஏன் தடுமாறுதல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை மனிதன் செவியில் உள்ளது. உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்களில் ஒருவகைத் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது அத்திரவம் சற்றுப் பின்தங்குவதாலேயே திரும்புதலை நாம் உணர்கின்றோம். திரும்புதல் ஒரே சீராகச் சிறிது நேரம் நீடிக்குமாயின் திரவமும் உடன் சுழலத் தொடங்கும். அதன்பின் உணர்ச்சி அற்றுப்போகும். அன்றியும், விமானம் சாய்ந்து வட்டமிடுகையில் புவியீர்ப்பும் மையநீக்க விசையும் ஒருங்கு சேர்ந்து விமானியை அவனது ஆசனத்தை நோக்கியே அழுத்தும். ஆதலால், வட்டமிட்டு இறங்குபவன் தான் நேராகச் செல்வதாகவே நம்புவான். உயரங் குறைவதைக் கண்டு விமானத்தின் மூக்கை உயர்த்த முயல்வானாயின் வட்டம் மேலும் இறுகும். வீழ்ச்சி மேலும் விரையும். அடிவானத்தைக் கண்ணாற் காணும்வரை இம்மயக்கம் தீராது. பறவையும் இதற்கு விலக்கன்று; அடர்ந்த மேகத்துட் பறப்பதைப் பெரும்பாலான பறவைகள் தவிர்க்கும். எத்துணைத் துணிவுடையவனாயினும் தன் உடலுணர்ச்சியை நம்பி மேகத்துட் பறத்தல் இயலாது என்பதே இதனாற் பெறப்படும் முடிபு.

1919ஆம் ஆண்டிலேயே ரொஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் சகோதரர் இரு பொறியியலாளருடன் நவம்பர் 12ஆந் திகதி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, பல இடங்களில் இறங்கி, டிசம்பர் 10ஆந் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரையடைந்தனர். 1924இல் அமெரிக்க இராணுவ விமானங்கள் நான்கு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டன. 175 நாட்களின் பின் இரண்டு மட்டுமே பயணத்தை முடித்தன. தூரங்கள் நீண்டன. ஆனால் அம்மூன்று எதிரிகளும் அடங்கினாரல்லர்.

நியூயோர்க்குக்கும் பாரிசுக்கும் இடையே இடைநில்லாது பறப்பவர்க்கு 25,000 டொலர் பரிசொன்று 1919முதல் வழங்கப்படாது கிடந்தது. அதனை வெல்ல முயன்றோருள் 1926இல் இருவரும், 1927 ஏப்ரிலில் வேறிருவரும் விமானம் வீழ்ந்து மாண்டனர். 1927 மே 8ஆந் திகதி பாரிசிலிருந்து புறப்பட்ட நன்ஜெசர், கொலி என்னும் பிரெஞ்சு வீரர் இருவரும் மறைந்தே போயினர். அதே மாதம் 20ஆந் திகதி, இருபத்தைந்து வயதினரான சாள்ஸ் லிண்ட்பேர்க் தன்னந்தனியாகப் புறப்பட்டு, ஏறக்குறைய 3,600 மைல் தூரத்தை முப்பத்து மூன்றரை மணி நேரத்திற் பறந்து, மறுநாளிரவு பாரிசில் இறங்கினார். உலகம் அவரது துணிவைப் போற்றியது. அத்துணிவின் பின்னே நின்ற கணக்கை அறிந்தோர் சிலரே. எஞ்சின் பல கொண்ட விமானத்தில் ஒன்று நிற்பினும் பயணம் கெடும். ஆதலின் ஒன்றே போதும், அது சிறந்ததாதல் வேண்டும் என அவர் துணிந்தார். அவர் தெரிந்தெடுத்தது 'வேர்ள்விண்ட்' என்னும் 223 குதிரைவலு எஞ்சின். அது நீராலன்றிக் காற்றாற் குளிர்விக்கப்படுவது. நீரும் நீர்க்குழாயும் இல்லாத எஞ்சினில் ஹோக்கருக்கு நேர்ந்த கதி நேரமாட்டாதன்றோ? பாரத்தைக் குறைக்கும்பொருட்டு அவர் வானொலிக் கருவியையும் பரசூட்டையும் விலக்கினார். பெற்றோற் தொட்டி முன்புறத்தை மறைத்தமையால் நேரே பார்க்கச் சிறிய கண்ணாடிக் கருவியொன்றையே பயன்படுத்தினார்.

லிண்ட்பேர்க்கின் வெற்றி உலகைப் பறக்கும் வெறியில் ஆழ்த்தியது. ஹவாய்த் தீவின் அன்னாசி வர்த்தகர் டோல் என்பவர், கலிபோர்னியாவிலிருந்து அத்தீவுக்குப் பறப்போருக்கு 25,000 டொலரை முதற்பரிசாகவும் 10,000 டொலரை இரண்டாம் பரிசாகவும் அறிவித்தார். தூரம் ஏறக்குறைய 2,400 மைல். கடல்மேற் செல்லும் விமானி திசை, வேகம், நேரம் ஆகிய மூன்றையுங் கொண்டே தன் இடத்தைக் கணித்தல் வேண்டும். பக்கக் காற்றோ கண்ணுக்குத் தெரியாது விமானத்தைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். திசையில் ஒரு பாகை பிழைப்பின் 2,400 மைல் முடிவில் ஏறக்குறைய 42 மைல் விலகல் உண்டாகும். மூன்று பாகை பிழைப்பின் 125 மைல். தீவைத் தவறவிட்டோர்க்கு அப்பால் இறங்க நிலமில்லை.

1927 ஓகஸ்டு 16ஆந் திகதி எட்டு விமானங்கள் போட்டிக்கு வந்து நின்றன. போட்டிக்கு முன்னரே ஆயத்தப் பறப்புக்களில் மூவர் இறந்திருந்தனர். ஹவாய்த் தீவை அடைந்தவை இரண்டே. வானொலிக் கருவியையும் கடற்படையில் வழிகாணும் பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவரையும் கொண்டிருந்த விமானமே முதற்பரிசு பெற்றது. வேறிரு விமானங்கள் சுவடின்றி மறைந்தன. அவற்றுளொன்றிற் பிரயாணியாகச் சென்றவர் மில்றெட் டோரன் என்னும் இளம் பாடசாலை ஆசிரியை. அவரது விமானம் எஞ்சின் பழுதால் ஒருமுறை திரும்பி வந்திறங்கியது. அப்போது தங்கியிருக்கலாம், ஆனால் அவர் மீண்டும் ஏறிச் சென்றார். மறைந்தோரைத் தேடப் புறப்பட்ட விமானமொன்று, தான் இருளிற் சுழன்று வீழ்வதாகவும், நிமிர்ந்துவிட்டதாகவும், மீண்டும் சுழல்வதாகவும் வானொலியில் அறிவித்தது. அத்துடன் அதன் குரல் அடங்கிற்று. அல்கொக்கை வீழ்த்த முயன்ற அதே மயக்கம் இவ்விருவரையும் வீழ்த்தியது. ஓர் அன்னாசிப் பரிசுக்காகப் பத்து உயிர்கள் மாண்டன.

இங்கு சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. அப்போட்டிக்கு ஏழு வாரங்களுக்கு முன்னர், மெயிற்லன்ட், ஹெகன்பேர்கர் என்னும் இராணுவ அதிகாரிகள் இருவர் அதே வழியில் மூன்று எஞ்சின் கொண்ட விமானத்திற் சென்று பாதுகாப்பாக இறங்கியிருந்தனர். ஹெகன்பேர்கர் வழிகாணும் கலையைப் பல்லாண்டு பயின்றவர். மறு ஆண்டு, 1928 மே 31ஆந் திகதி, அவுஸ்திரேலியரான கிங்ஸ்போர்ட் ஸ்மித் 'சதேர்ன் குறொஸ்' விமானத்தில் மூன்று துணைவருடன் அதே ஓக்லாந்து நகரிலிருந்து புறப்பட்டார். துணைவருள் ஒருவர் வழிகாண்பவர். மற்றொருவர் வானொலி இயக்குபவர். அவர்கள் ஹவாயில் மட்டும் நின்றாரல்லர். அங்கிருந்து 3,100 மைலுக்கப்பாலுள்ள பிஜித் தீவையும், பின்னர் யூன் 9ஆந் திகதி பிரிஸ்பேன் நகரையும் அடைந்து, பசிபிக் சமுத்திரம் முழுவதையும் முதன்முதலாகப் பறந்து கடந்தனர். கடலும் ஒன்று; எஞ்சினும் லிண்ட்பேர்க் தெரிந்த அதே வகை; துணிவும் குறைந்ததன்று. வேறுபாடு ஆயத்தத்திலேயே இருந்தது.

மூன்றாவது எதிரியை அடக்கிய கருவி சிறுவரின் பம்பரத்திற் பிறந்தது. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது. அத்தகைய சுழல் சக்கரமொன்றை எப்பக்கமும் திரும்பவல்ல வளையங்களிற் பொருத்திவிட்டால், விமானம் எவ்வாறு சாய்ந்தாலும் சக்கரம் தன் நிலையிலேயே நிற்கும். அதனோடு இணைந்த கோடொன்று, வெளியே தெரியாத அடிவானத்தை விமானியின் கண்முன்னே காட்டும். இதுவே செயற்கை அடிவானம் எனப்படும். 1929 செப்டம்பர் 24ஆந் திகதி, ஜேம்ஸ் டூலிட்டில் என்னும் அமெரிக்க விமானி, துணிக்கூடாரத்தால் முற்றாக மூடப்பட்ட ஆசனத்திலிருந்தவாறே விமானத்தை எழுப்பிப் பறந்து மீண்டும் இறக்கினார். ஆபத்து நேரின் உதவுவதற்கென முன்னாசனத்தில் மற்றொரு விமானி இருந்தார். ஆயினும் அவர் விமானத்தை இயக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. செயற்கை அடிவானம், சுழலியால் இயங்கும் திசைகாட்டி, நுண்ணிய உயரமானி, வானொலி வழிகாட்டி ஆகியவையே டூலிட்டிலின் கண்களாயின. கண்ணும் செவியும் ஏமாற்றுமிடத்துக் கருவியை நம்பக் கற்றலே புதிய துணிவாயிற்று. அப்பறப்பைக் காணப் பெருங்கூட்டம் கூடவில்லை, பரிசும் இருக்கவில்லை. ஆனால் அவ்விருபது ஆண்டுகளில் அதனினும் பயன்மிக்க பறப்பு வேறொன்று உண்டெனக் கூறுதல் அரிது. 1933இல் ஒற்றைக் கண்ணினரான வைலி போஸ்ற், தானியங்கும் செலுத்தியொன்றின் துணையுடன் ஏழு நாள் பத்தொன்பது மணி நேரத்துக்குள் தனியே உலகைச் சுற்றிவந்தமை அதன் பயனைக் காட்டிற்று.

பெண்களும் இத்துறையிற் பின்னின்றாரல்லர். இலண்டனில் வழக்கறிஞர் காரியாலயமொன்றிற் தட்டெழுத்தாளராயிருந்த ஏமி ஜோன்சன், 1930 மே மாதம் சிறிய பழைய 'மொத்' விமானமொன்றில் தனியே இங்கிலாந்திலிருந்து புறப்பட்டுப் பத்தொன்பதரை நாட்களில் டார்வின் நகரை அடைந்தார். அதற்கு முன் அவர் பறந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து தம் ஊராகிய ஹல் வரையே. ஆனால் அவர் எஞ்சின் பழுதுபார்க்கும் தகுதிப் பத்திரத்தைப் பிரித்தானியப் பெண்களுள் முதன்முதலிற் பெற்றிருந்தவர். வழியில் தம் எஞ்சினைத் தாமே துப்புரவாக்கினார். பர்மாவில் இரங்கூனை அடுத்த இன்செயின் என்னுமிடத்திற் சேதமுற்ற விமானத்தை அங்குள்ள தொழினுட்பப் பாடசாலையினர் செப்பனிட்டு உதவினர். 1932இல் அமெரிக்கரான அமேலியா ஏர்ஹார்ட் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்த முதற் பெண்மணியானார்.

வீரர் பயணம் பொதுமக்கள் பயணமாக மாறிய கட்டத்தை 1934 ஒக்டோபர் மாதத்து இங்கிலாந்து–மெல்பேண் போட்டி தெளிவாகக் காட்டிற்று. ஏறக்குறைய 11,300 மைல் தூரத்தை, போட்டிக்கெனவே அமைக்கப்பட்ட 'கொமற்' விமானத்தில் ஸ்கொற், கம்பெல் பிளாக் இருவரும் 71 மணி நேரத்துக்குள் முடித்து வெற்றி பெற்றனர். வியப்பு அதனன்று. இரண்டாவதாக வந்தது ஒல்லாந்தரின் 'டீ.சி. 2' என்னும் சாதாரண பிரயாணிகள் விமானம். அதில் மூன்று பிரயாணிகளும் தபாற் பொதிகளும் இருந்தன. மூன்றாவதாக வந்ததும் அமெரிக்கப் பிரயாணிகள் விமான வகையொன்றே. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். எனவே, பொறியியலாளர் கம்பிகளையும் தாங்கு சட்டங்களையும் அகற்றினர். இறக்கைகளை உலோகத்தாற் செய்தனர். சக்கரங்களைப் பறக்கும்போது உள்ளே மடக்கினர். மேட்டில் ஏறும் மோட்டார் வண்டி கியர் மாற்றுவதுபோல, எழும்போதும் விரைந்து செல்லும்போதும் காற்றாடி அலகுகளின் சரிவை மாற்றவும் வகைசெய்தனர்.

அவ்வொல்லாந்து விமானம் இறுதிக் கட்டத்தில் இரவுப் புயலில் வழி தவறியது. அல்பரி என்னும் அவுஸ்திரேலியச் சிற்றூரார் அதன் ஒலியைக் கேட்டு, ஊர் விளக்குகளை அணைத்தும் ஏற்றியும் தந்திக் குறியீட்டில் ஊரின் பெயரை அறிவித்தனர். வானொலி அழைப்பைக் கேட்ட மக்கள் மோட்டார் வண்டிகளுடன் குதிரைப் பந்தயத் திடலில் ஒன்றுகூடி, அவற்றின் விளக்கொளியில் விமானத்தை இறங்கச் செய்தனர். மறுநாட் காலை சேற்றிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் விட்டனர். வானிற் செல்வோன் பாதுகாப்புத் தரையிலுள்ளோர் கையிலும் இருக்கின்றதென்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இரு மாதங்களின் பின் அதே விமானம் ஈராக்கியப் பாலைவனத்திற் புயலிற் சிக்கி வீழ, அதிலிருந்த அனைவரும் இறந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

விமானப் பாதைகளும் இக்காலத்திலேயே கிழக்கு நோக்கி நீண்டன. 1929இல் இங்கிலாந்துக்கும் கராச்சிக்கும் இடையே சேவை தொடங்கிற்று. இடையில் ஒரு பகுதியைப் பிரயாணிகள் புகையிரதத்திற் கடந்தனர். 1932 ஒக்டோபரில் ஜே. ஆர். டி. ராற்றா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தைத் தாமே செலுத்தினார். அச்சேவை சென்னைவரை சென்றது. 1935இல் இரத்மலானை விமான நிலையத்தில் விமானம் இறங்கியது. 1938இல் ராற்றாவின் தபாற்சேவை கொழும்புவரை நீண்டது. முன்னர்க் கப்பலிற் பல வாரங்கள் பயணஞ் செய்த கடிதம் சில நாட்களில் இலங்கையை வந்தடையலாயிற்று.

ஆயினும் கடல் தன் பங்கைக் கேட்டுக்கொண்டேயிருந்தது. 1935 மே மாதம் 'சதேர்ன் குறொஸ்' விமானம் தாஸ்மன் கடலின்மேற் செல்லும்போது ஓர் எஞ்சின் நிறுத்தப்பட்டது. மற்றொன்று எண்ணெயை இழந்துகொண்டிருந்தது. ரெயிலர் என்பவர் வெளியே ஊர்ந்து சென்று, நின்ற எஞ்சினிலிருந்து வெந்நீர்க் குடுவையில் எண்ணெய் எடுத்து மற்றையதற்குப் பலமுறை வார்த்து விமானத்தைக் காத்தார். அன்று தப்பிய கிங்ஸ்போர்ட் ஸ்மித் அவ்வாண்டு நவம்பரில் அலகபாத்திலிருந்து சிங்கப்பூர் நோக்கிப் பறக்கையில் மறைந்தார். 1937இல் விமானச் சக்கரத் தாங்கியொன்று மட்டும் பர்மாக் கரையில் அகப்பட்டது. 1937 யூலை 2ஆந் திகதி அமேலியா ஏர்ஹார்ட், பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளமேயுள்ள ஹவ்லண்ட் தீவைத் தேடிச் சென்று மறைந்தார். காத்திருந்த கப்பல் அவர் குரலைக் கேட்டது. ஆனால் இருபக்கமும் செய்தி பொருந்தாமையால் வழிகாட்ட இயலவில்லை. கருவி இருத்தல் மட்டும் போதாது. கப்பலிலுள்ளோரும் விமானத்திலுள்ளோரும் அதனை ஒரே முறையிற் பயன்படுத்தப் பயிலுதல் வேண்டும் என்பது அவ்விழப்புக் கற்பித்த பாடம்.

1939 யூன் 28ஆந் திகதி, 'டிக்சி கிளிப்பர்' என்னும் நான்கு எஞ்சின் கடல் விமானம் 22 பிரயாணிகளுடன் நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பா நோக்கிப் புறப்பட்டது. வழிகாண்போரும் வானொலி இயக்குநரும் அதில் இருந்தனர். ரெயிலர் புயற்காற்றில் ஊர்ந்து செய்ததை இவ்விமானத்தின் பொறியியலாளர் இறக்கையின் உள்ளே அமைந்த வழியால் நடந்து சென்று செய்யலாம். அப்பயணத்தில் வீரச் செயல் ஒன்றும் நிகழவில்லை. அதுவே அதன் பெருமை.

இரு மாதங்களின் பின் இரண்டாம் மகாயுத்தம் மூண்டது. மக்களைச் சுமக்கக் கற்ற விமானம் மீண்டும் குண்டுகளைச் சுமந்தது; இருளில் வழிகாட்டிய அதே கருவிகள் உறங்கும் நகரங்களுக்கும் வழிகாட்டின. அறிவு எதற்குப் பயன்படல் வேண்டும் என்பதை அறிவே தீர்மானித்துவிடாது. அத்தீர்மானம் என்றும் மனிதனுடையதே. எனினும், அவ்விருபத்தோராண்டுகளிற் பெறப்பட்டவை அழிந்தொழியவில்லை. இன்று மேகத்தினூடே செல்லும் விமானத்தில் அமைதியாக உறங்கும் பிரயாணி, அல்கொக் கண்ட செங்குத்தான கடலையும், பரிசுக்காகப் பறந்து மீளாத ஆசிரியையையும், மூடிய ஆசனத்துட் கருவியை நம்பியிருந்த டூலிட்டிலையும் அறியாதிருக்கலாம். அவன் உறக்கத்தை அவர்களே விலைகொடுத்து வாங்கினர். துணிவு இல்லையேல் அறிவு ஏட்டளவில் நின்றிருக்கும். அறிவு இல்லையேல் துணிவு கடலடியிற் கிடந்திருக்கும்.